பாரதி பாட்டும் பூக்கல்லும்

வணக்கம் சார்,

காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். புதுப்படங்களை டெலிகிராமில் இறக்கித்தான் பார்க்கிறேன். நீங்கள் அதைத் திருட்டு என்று எழுதியிருந்தீர்கள். நான் யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லையே! கோடிக்கணக்கில் வாங்கும் ஹீரோவுக்கு என் 150 ரூபாயால் என்ன குறைந்துவிடும்? கலை எல்லோருக்கும் பொது இல்லையா? பாரதி பாட்டைக் காசு கொடுத்தா பாடுகிறோம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

பாரதியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. பாரதி பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். பட நிறுவனத்தைத் தொடங்கிய காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய உரிமை. காரைக்குடியிலேயே படப்பிடிப்புக் கொட்டகை போட்டு அவர் எடுத்த 'நாம் இருவர்' படம் 1947இல் வந்தபோது, டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. அப்புறம், பாரதியை மக்கள் சொத்தாக்க வேண்டும் என்ற குரல் வலுத்தபோது, செட்டியார் தன் உரிமையைப் பணம் வாங்காமல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949இல் பாரதியின் எழுத்துகள் அரசுடைமை ஆயின. பாரதி குடும்பத்துக்கு அரசு பணமும் கொடுத்தது. பதிப்புரிமைக் காலம் முடிவதற்கு முன்பே பாரதி பாட்டு பொதுச் சொத்தானது என்றால், உரியவர்கள் மனமுவந்து கொடுத்ததால்தான்.

அடுத்து, 'எதையும் எடுக்கவில்லை' என்கிறீர்கள். உங்கள் அப்பா வேலை செய்வது போன்ற பூக்கல் பட்டறைகளில் நான் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு இதழுக்குள்ளும் கரண்டியால் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். கை கொஞ்சம் தவறினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அச்சைப் பதமாகத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரவி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியை விட்டுக் கல் பிரியும்போது ஒரு பளபளப்பு தெரியும் பாருங்கள், அதற்கு ஈடே இல்லை. சூளை கிடையாது, எல்லாம் கைவேலை.

அதே பூவைப் படம் பிடித்து, பீங்கான் டைல்ஸில் மெஷினில் அச்சடித்து, 'ஆத்தங்குடி டிசைன்' என்று இப்போது விற்கிறார்கள். பட்டறையிலிருந்து ஒரு கல்கூடக் களவு போகவில்லை. ஆனால் கைக்கல்லுக்கு வர வேண்டிய ஆர்டர்?

ஹீரோவின் சம்பளம் பெரும்பாலும் படம் வருவதற்கு முன்பே பேசி முடிந்துவிடும். உங்கள் 150 ரூபாய் தியேட்டர்காரர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர் என்று பிரிகிறது. பெரிய படம் அடிபட்டாலும் எழுந்துவிடும். முதல் படம் எடுக்கிற ஒருவருக்கு அந்த முதல் வாரம்தான் எல்லாமே. பாட்டும் அப்படித்தான். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்கள் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்து ஏமாந்துவிடக் கூடாது என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். நாம் திருட்டுத்தனமாக இறக்கினால் பங்கு பிரிக்க அங்கே என்ன இருக்கும்?

நானும் கல்லூரி நாட்களில் பாட்டுப் பட்டியலும் காலி கேசட்டுமாக, கேட்ட பாட்டைக் காசுக்குப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் நின்றவன்தான். அந்தக் காசில் பாட்டு எழுதியவருக்கு ஒரு பைசாகூடப் போகவில்லை என்பது அப்போது தோன்றவில்லை. இன்று உறுத்துகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கேயும் விலைக்குக் கிடைக்காத பழைய படத்தை ஒருவர் பிரதியெடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போன வெள்ளிக்கிழமை வந்த படத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

150 ரூபாய் உங்கள் வீட்டில் பெரிய காசு, தெரியும். சரி, எல்லாப் படத்தையும் முதல் வாரமே பார்த்தாக வேண்டுமா? காத்திருந்தால் பல படங்கள் டிவியில் வருகின்றன. பழைய படங்கள் பலவற்றைத் தயாரித்தவர்களே யூடியூபில் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு பார்த்தால் அவர்களுக்கும் ஏதோ வரும்.

அந்த மெஷின் டைல்ஸைப் பற்றி அப்பாவிடம் ஒருமுறை கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.