நாகையில் ஒரு ஜப்பானிய அறை – கடிதம்

வணக்கம்.

நாகப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளத்தில் 12க்கு 11 அடியில் ஒரு படுக்கையறை. ஜப்பானிய பாணியில் செய்யலாம் என்கிறார் இன்டீரியர் டிசைனர்: ஆறு அங்குல உயரத்தில் பிளைவுட் மேடை, அதன்மேல் தத்தாமி பாய், மெத்தை, ஏசி. “கோரைப்பாய் போதாதா?” என்கிறார் மாமியார். ஜப்பானிலும் கோடையில் நம் கடற்கரை மாதிரிதான் புழுங்குமாம். அங்கே சரிப்படுவது இங்கே சரிப்படாதா? இன்னொன்று: அங்கேயும் வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டார்களா?

ச.

அன்புள்ள ச.,

ஆகஸ்டில் டோக்கியோவும் புழுங்கித்தான் கிடக்கும். ஆனால் அங்கே அறையைக் காப்பாற்றுவது பாய் அல்ல, பாய்க்கு அடியில் இருக்கும் வெற்றிடம்.

பழைய ஜப்பானிய மரவீட்டில் தரை மண்ணைத் தொடாது. குட்டைக் கால்கள்மேல் நிற்கும். அங்குள்ள கட்டட விதியும் மரத்தளம் நிலத்திலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது; கீழே கான்கிரீட் போட்டு ஈரத்தைத் தடுத்திருந்தால் விலக்கு உண்டு. அந்த இடைவெளியில் காற்று ஓடும். மேலே பலகை, பலகைமேல் தத்தாமி. சுமார் 5.5 செ.மீ. கனம், உள்ளே இறுக்கித் தைத்த வைக்கோல், மேலே இகுசா என்ற புல்லில் நெய்த விரிப்பு. இது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காற்று பட்டால் திருப்பி விட்டுவிடும். டோக்கியோ பக்கம் குளிர்காலக் காற்று வறண்டது, அதனால் பாய் ஆண்டுக்கொரு முறை நன்றாகக் காய்ந்துவிடும். நாகையில் அப்படியொரு பருவமே இல்லை.

மெத்தை அங்கே பகலில் தரையில் கிடக்காது. காலையில் புரட்டிப்போட்டு, உடல்சூடு ஆறியதும் மூன்றாக மடித்து, சுவரோடு சேர்ந்த அலமாரியில் ஏற்றிவிடுவார்கள். ‘ஓஷிஇரே’ என்று பெயர். ஏறக்குறைய 80, 90 செ.மீ. ஆழம், நடுவில் ஒரே தட்டு. நல்ல வெயிலென்றால் மெத்தை பால்கனிக் கம்பிக்குப் போகும். ராத்திரியில் ஒரு டம்ளர் வியர்வை மெத்தையில் இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. மெத்தையை விரித்தபடியே விட்டால் அங்கேயும் தத்தாமியில் பூஞ்சை பிடிக்கும், அதுவும் புதுப் பாயில் முதல் வருஷம் அதிகம். கான்கிரீட் அடுக்ககங்களில் இருப்பவர்கள் இன்று மெத்தைக்கு அடியில் மர ரீப்பர் தட்டி, அதாவது இடைவெளி விட்டு அடித்த மரப்பட்டைகள், போடுகிறார்கள். நிறையப் பேர் கட்டிலுக்கே மாறிவிட்டார்கள்.

உங்கள் டிசைனர் கவனிக்காதது இன்னொன்று, ஜன்னல். ஜப்பானிய அறையில் நகர்த்துக் கதவுகள் தரைவரை இறங்கும்; சில வீடுகளில் தரையை ஒட்டியே ஒரு சின்ன ஜன்னல் வைப்பார்கள். படுத்திருப்பவர் மேல் காற்று தவழ்ந்து போகும். நம் ஊரில் ஜன்னலின் அடிமட்டம் மூன்று அடி. ஆறு அங்குல மேடையில் படுத்தால் வெளிக்காற்று தலைக்கு மேலேயே போய்விடும், ஏசி போட்டால் கனத்த குளிர்காற்று கீழே இறங்கி உங்கள்மேலேயே தேங்கும்.

அந்த பிளைவுட் மேடைக்குள் என்ன நடக்கும் என்று பாருங்கள். ராத்திரி ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. தரையும் மேடையும் 23, 24க்கு வந்துவிடும். காலையில் ஜன்னலைத் திறந்தால் வரும் கடற்காற்று 25 டிகிரியிலேயே நீராய்ப் படியும் அளவுக்கு ஈரமானது. அது குளிர்ந்த தரையிலும் மெத்தையின் அடியிலும் படிகிறது. தரையில் இருப்பது விசிறிக் காற்றில் காய்ந்துவிடும், மூடிய பெட்டி மாதிரியான மேடைக்குள் இருப்பது காயாது. இரண்டு மாதத்தில் பிளைவுட்டின் அடிப்பக்கம் கருத்துப் புள்ளி விடும், மெத்தையில் ஒரு மக்கல் வாடை வரும். இறக்குமதித் தத்தாமியை அதன்மேல் போடுவது காசைக் கடலில் போடுவதுதான்.

டைல் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 45 செ.மீ. சதுரப் பாலிதீன் ஷீட்டை வெறும் கான்கிரீட் தரையில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்தாலோ தரை கருத்தாலோ கான்கிரீட் இன்னும் காயவில்லை அல்லது கீழிருந்து ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அதை மேஸ்திரியிடம் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள், டைலுக்குப் பிறகு வழியில்லை.

மாமியார் சொல்வதில் பாதி சரி. கோரைப்பாய் தத்தாமியின் வேலையைச் செய்யும். அழுக்கானால் துடைத்து வெயிலில் போடலாம், சுருட்டி மூலையில் நிறுத்தலாம். வெறும் டைலில் மட்டும் விரிக்காதீர்கள். ஆசாரியிடம் தேக்கிலோ வேம்பிலோ ரீப்பர் கட்டில் சொல்லுங்கள். ரீப்பர் மூன்று அங்குல அகலம், நடுவே இரண்டு அங்குல இடைவெளி, ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். கீழே இழுப்பறை வேண்டாம், துடைப்பம் போகிற மாதிரி திறந்திருக்கட்டும். மெத்தையோடு சேர்ந்து ஒன்றரை அடி உயரம் வந்தால் போதும், மாமியாரின் முழங்காலுக்கும் அது நல்லது. வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள். மெத்தைக்கு நாலு அங்குல இலவம்பஞ்சு, வாரம் ஒருமுறை வெயிலில். ஜன்னல் இன்னும் வைக்கவில்லையென்றால் ஒன்றின் அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கி, கிரில் போட்டுவிடுங்கள்.

தரையில் படுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காகப் படுப்பதில்லை என்பதையும் டிசைனரிடம் சொல்லுங்கள். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிட்டுச் சூடேற்றினார்கள். அங்கே மெத்தை மெலிதாக இருந்தால்தான் சூடு உடம்புக்கு வரும். அடுப்பை ஒட்டிய மூலை பெரியவர்களுக்கு. அப்படியொரு அறையின் படத்தைப் பார்த்து நாகையில் அறை அமைக்க முடியாது.

வடக்கு விஷயம்: ஆமாம், ஜப்பானிலும் தவிர்ப்பார்கள். புத்தர் வடக்கே தலைவைத்துப் பரிநிர்வாணம் அடைந்தார் என்பதால் இறந்தவரை அப்படிக் கிடத்துவது அங்கே வழக்கம். நீங்கள் எந்தத் திசையில் படுத்தாலும் சரி, ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.