வீடு கட்டும்போது தட்டோடு, வெப்பத் தடுப்பு எல்லாம் இப்போதே தேவையா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீடு லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னல்களுக்கு மேலே போடும் விட்டம்) வந்திருக்கிறது, பட்ஜெட் ஏற்கெனவே தாண்டிவிட்டது. மாடித் தளத்துக்கு வெப்பத் தடுப்பும் தட்டோடும் (தளத்தின் மேல் பதிக்கும் சுட்ட மண் ஓடு), மேற்கு ஜன்னல்களுக்கு அகலமான சன்ஷேடு, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன்கள், எல்லாம் சேர்த்து இன்ஜினியர் 2 லட்சம் கூடுதலாகச் சொல்கிறார். இதை அப்புறம் செய்துகொள்ளலாமா?

தளத்து வேலையையும் சன்ஷேடையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபேனை வேண்டுமானால் தள்ளிப்போடுங்கள். இதைப் படித்துவிட்டு நீங்கள் போய்விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

நான் இன்ஜினியர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 2008-ல் திருச்சியில் லோன் போட்டு மாடியோடு வீடு கட்டினோம். உங்களுக்கும் இதே நிலைமை என்றுதான் நினைக்கிறேன்: கடைசித் தவணை வருவதற்குள் கையில் இருந்தது கரைந்து, நகை அடகுக்குப் போய், எஸ்டிமேட்டில் எந்த வரியை அடிக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நாங்களும் தேடினோம். "மாடித் தளம் சுருக்கி, தட்டோடு: 45,000" என்று ஒரு வரி இருந்தது. சுருக்கி என்றால் செங்கல் தூள் கலந்த பூச்சு. மேஸ்திரி சொன்னார், "அப்புறம் போட்டுக்கலாம் டீச்சர், தளம் எங்கயும் ஓடிடப் போறதில்ல." அந்த வரியை என் பேனாவால்தான் அடித்தேன். மிச்சமானதில் வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் கதவைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். தளத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

மாடியில் மேற்குப் பக்க அறை என் மாமியாருக்கு. முதல் கோடையிலேயே, "ராத்திரி பத்து மணிக்கும் மேலேர்ந்து அனல் இறங்குதும்மா" என்றார். வயதானவர்கள் சொல்வதுதானே என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஒட்டடை அடிக்கக் கட்டில் மேல் ஏறி நின்றவள், எதேச்சையாகச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்தேன். பொழுது சாய்ந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

பிறகுதான் இதைப் படித்துப் புரிந்துகொண்டேன். திருச்சி 11 டிகிரி வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒரு முறை. கோடையில் நம் ஊர் வீட்டில் அதிக வெயிலை வாங்குவது சுவர் இல்லை, தளம்தான். வெறும் கான்கிரீட்டின் மேற்பரப்பு மே மாதத்தில் 60 டிகிரியைத் தொடும். ஐந்து அங்குல கான்கிரீட் அந்தச் சூட்டைப் பகலெல்லாம் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துக் கீழே விடுகிறது. நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது அறைக்குள் வந்து சேர்கிறது. ஃபேன் போட்டால் அந்த அனல்தான் முகத்தில் அடிக்கும்.

2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறக்காது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் நடுராத்திரிக்கு மேல் தாங்காது. மாமியாரைக் கூடத்தில் ஈரத் துணி விரித்துப் படுக்க வைத்தோம். கையில் பனை விசிறியோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு ஒன்று உண்டு. தேக்கு உத்தரம், குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தளம், அதன் மேல் தட்டோடு. அந்த வீட்டுக்காரர்கள் அதே ராத்திரிகளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்த செலவு அன்றைக்கும் அவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஏசி கரண்ட் இருந்தால்தான் ஓடும், தளத்துக்குக் கரண்ட் வேண்டாம்.

2013-ல் மாடிக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கினோம், 36,000 ரூபாய். மீட்டர் பெட்டியில் செருகி வைத்திருக்கும் ஈ.பி. அட்டைகளை நான் தூக்கிப் போடுவதில்லை, இன்றும் எல்லாம் இருக்கின்றன. ஏசிக்கு முந்தைய கோடையில் இரண்டு மாதக் கணக்கு 340 யூனிட். ஏசி வந்த பிறகு 780. நம் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது தெரியும்தானே. யூனிட் கூடினால் கூடிய யூனிட்டுக்கு மேல்படி விலை. 500-ஐத் தாண்டினால் கீழே கிடைத்த சலுகையிலும் கை வைத்துவிடுவார்கள். அந்த ஒரு பில்லில் மட்டும் 2,500 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

கரண்ட் செலவு கூடப் பரவாயில்லை. வெறும் தளம் பகலில் விரிந்து ராத்திரியில் சுருங்கும். இப்படியே வருஷக்கணக்கில் போனால் தலைமுடி மாதிரி விரிசல் விடும், அதில் மழைத் தண்ணீர் இறங்கும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், ஆகவே கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். 2017 ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை மாமியார் தலைமாட்டில் இரண்டு கை அகலத்துக்குச் சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அவர் பாத்ரூம் போயிருந்தார். அந்தத் தலையணை மேல் கிடந்த சிமெண்ட் துண்டைக் கையில் எடுத்தபோது அதன் முதுகில் கம்பியின் தடம் பழுப்பாகப் பதிந்திருந்தது. இன்றும் எனக்கு அது கண்ணில் நிற்கிறது.

அந்த வருஷம் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, கம்பிக்குத் துரு நீக்கி மருந்தடித்து, மறுபடி பூசி, மேலே இரண்டு அங்குல வெப்பத் தடுப்புப் பலகை வைத்து, அதன் மேல் தண்ணீர் வழிந்தோடும் வாட்டத்தோடு தட்டோடு பதித்தோம். மொத்தம் 1,70,000.

இங்கே ஒருவர் வந்து, "அந்த 45,000-ஐ பேங்கில் போட்டிருந்தால் வளர்ந்திருக்குமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?" என்று கேட்பார் என்று தெரியும். சேர்த்தேன், கணக்கு டீச்சர் இல்லையா. 8 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் 9 வருஷத்தில் இரட்டிப்பாகும். 90,000. நாங்கள் கொடுத்ததோ தளத்துக்கு 1,70,000, ஏசிக்கு 36,000, இடைப்பட்ட கோடைகளின் கரண்ட் பில் தனி. இன்னொருவர், "2008-லேயே தட்டோடு போட்டிருந்தாலும் ஏசி வாங்கியிருப்பீர்கள்" என்பார். வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு டன் போதுமாக இருந்திருக்கும், ராத்திரி முழுக்க ஓடியிருக்காது. தளம் போட்டதற்கு அடுத்த கோடையில் அட்டையில் 520 யூனிட். அதே வருஷம் மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், ஆகவே குறைந்த 260-ம் தளத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தார். அந்த இரண்டு கோடையும் அவர் அறையிலேயே தூங்கினார். அதற்கு நான் எந்தக் கட்டத்திலும் தொகை எழுத முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீடுகளுக்கென்று மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பில் கூரைக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3-க்கு மேலே போகும். தட்டோடு மட்டும் போட்டால் குறையும், ஆனால் 1.2-க்கு வராது. நடுவில் நல்ல வெப்பத் தடுப்புப் பலகை வைத்தால் வந்துவிடும். இன்ஜினியரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பணம் உண்மையிலேயே இல்லை என்றால், தளத்தை நன்றாகக் கழுவி வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே தனிக் கொள்கை அறிவித்திருக்கிறது. தூசி படியப் படியப் பலன் குறையும், சில வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மேற்கு சன்ஷேடு லிண்டலோடு சேர்ந்து போடுகிற வேலை. இப்போது விட்டால் பிறகு தகர ஷீட்தான் அடிக்க வேண்டிவரும். ஃபேன் அப்படியில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பழைய ரகம் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ரகம் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடினால் ஒரு ஃபேனுக்கு 162 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் விலை வித்தியாசம் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் வந்துவிடும். விருந்தினர் அறையில் வருஷத்துக்கு நாலு நாள் சுற்றும் ஃபேனுக்கு இது பொருந்தாது.

இனி எழுதுவதை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வீடு கட்டுகிறவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008-ல் எங்கள் தெருவிலிருந்து கேட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். அதற்குப் பிறகு நாலு தடவை ரோடு போட்டார்கள். நாலு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உருட்டினார்கள். இப்போது படியே இல்லை. 2021 நவம்பர் மழையில் தெருத் தண்ணீர் அந்தத் தேக்குக் கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்தது. கதவின் அடிப்பக்கம் ஊறி வீங்கி இன்றும் சரியாகச் சாத்த முடியவில்லை. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அதே 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார், பேப்பரில் எல்லாம் வந்தது. அந்தச் செய்தியை வெட்டி மனுவோடு இணைத்து மூன்று முறை கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. மூன்று முறையும் ரசீது கொடுத்தார்கள்.

சுரண்டாமல் போட்டால் ரோடு போடும் செலவு குறைகிறது என்பது உண்மை. அந்தக் குறைந்த தொகையை யார் கட்டுகிறார்கள்? என் தெருவில் 22 வீடு. ஏழு வீட்டில் தரையை உயர்த்தியிருக்கிறார்கள், ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார். தாருக்கு எதிரி தண்ணீர். ஓரத்தில் வடிகால் இல்லாமல், நடுவில் மேடும் இரு பக்கமும் சரிவும் இல்லாமல் போட்ட ரோடு இரண்டு மழையில் குழியாகிறது. அதன் மேல் அளவுக்கு மீறி எம்-சாண்ட் ஏற்றிய லாரி வருகிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் லாரிகளை ஓட்டிச் சோதித்துப் பார்த்ததிலேயே தெரிந்துபோன விஷயம், அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. வழி தெரியாமல் இல்லை. நம் நெடுஞ்சாலைத் துறையே பொள்ளாச்சி கோட்டத்தில் சாலைகளை 5 வருஷத்துக்கு ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, ரோடு இருக்கும் நிலையைப் பார்த்துப் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. அஞ்சு வருஷமும் பள்ளத்தை அவரே அடைக்க வேண்டுமென்றால் முதலிலேயே வடிகாலைப் பார்ப்பார். உள்தெருவுக்கு அது எப்போது வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் பிளிந்த் (வீட்டுத் தரையின் உயரத்தை முடிவு செய்யும் அடித்தள மட்டம்) ஏற்கெனவே போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இடம் இருந்தால் மழைத் தண்ணீர் பின்பக்கம் போகிற மாதிரி இப்போதே ஒரு பைப் புதைத்துவிடுங்கள்.

தளத்து வேலை நடக்கும் அன்று லீவு போட்டுவிட்டுக் கூடவே இருங்கள். ஓடு பதிக்கும் முன் நாலு பக்கமும் பாத்தி கட்டி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேக்கிக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓடு இறக்கும்போது ஏதாவது இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்றாக வெந்த ஓடு. மொத்தென்று கேட்டால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.