அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டை பழக எங்கிருந்து தொடங்குவது? துப்பாக்கியே தொட்டதில்லை.

விஸ்கான்சினில் வேலை பார்க்கிறேன், நவம்பர் சீசனுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலத்தில்தான் வேட்டைக்குப் போகிறேன். அதனால் இங்குள்ள நடைமுறையையே சொல்கிறேன். மாநிலம் மாறினால் சட்டமும் மாறும்.

வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் விசா என்ன என்று பாருங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஹெச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. 'சும்மா சுட்டுப் பார்க்கலாம் வா' என்று நண்பர் கூப்பிட்டாலும் உரிமம் எடுத்த பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருந்தால், பயிற்சி முடிக்காமலும் போக வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் பயிற்சிக்கே போங்கள். மாநில இயற்கை வளத் துறை புதியவர்களுக்கென்றே வேட்டை பழக்கும் நிகழ்ச்சிகளும் நடத்துகிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். பழைய .243 அல்லது .308 ரைஃபிள் (இந்த எண்கள் தோட்டா வகையைக் குறிக்கும்), அதன் மேல் குறிபார்க்கச் சுமாரான ஸ்கோப், போதும். மேசையில் சாய்த்து வைத்துச் சுட்டுவிட்டு வந்துவிடாமல், தரையில் உட்கார்ந்தும் சுட்டுப் பழகுங்கள். முதல் வருடம் நூறு கஜத்துக்கு மேல் சுடவே வேண்டாம். துப்பாக்கி சீசனில் இடுப்புக்கு மேல் போடும் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சிலோ பிங்க்கிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மான் பார்த்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். துணியை வெளுப்பாகக் காட்டும் சோப்புத்தூளில் துவைத்த உடை அதன் கண்ணுக்கு நீலமாக மின்னும், அதனால் அதைப் போட்டு அந்த உடையைத் துவைக்காதீர்கள்.

காசைவிட நேரம் செலவழிக்க வேண்டிய இடம் காடுதான். செப்டம்பர், அக்டோபரிலேயே நடந்து பாருங்கள். புதியவர்கள் கொம்பு உரசிய மரத்தைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். நான் அதற்கு அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. எங்கே தின்கிறது, எங்கே படுக்கிறது, இரண்டுக்கும் நடுவே எந்தத் தடத்தில் போகிறது, இந்த மூன்றும் தெரிந்தால் போதும். ஓக் மரங்களில் வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான் அதைத்தான் முதலில் தேடி வரும்.

அதோடு காற்று. மான் உங்களைப் பார்த்தால்கூடச் சில நேரம் குழம்பி நிற்கும். வாசனை பிடித்துவிட்டால் குழப்பமே கிடையாது, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். மான் வரும் தடத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வீசும்படி உட்காருங்கள். தென்மேற்கு விஸ்கான்சின் மாதிரி மேடு பள்ளமான இடத்தில் இன்னொரு சங்கதி உண்டு. வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். காலையில் நன்றாக இருந்த இடம் மாலையில் ஆகாமல் போவது இதனால்தான்.

முதல் வருடம் மரப் பரண் வேண்டாம், மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். ஏறித்தான் ஆவேன் என்றால் தரையிலிருந்தே பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி அப்புறம் மேலே இழுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். முன்னங்காலின் பின் விளிம்பை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கேதான் இதயமும் நுரையீரலும். தலைக்கோ கழுத்துக்கோ குறிவைக்க வேண்டாம். சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்காருங்கள். பிறகு போய், குனிந்து, இலைகளைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல், நாலு மணி நேரமாவது விடுங்கள். பச்சையாக ஏதோ ஒட்டி நாற்றம் அடித்தால் குடலில் பட்டிருக்கிறது. அரை நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல் கணக்கில் போய் வேதனையோடு சாகும், கறியும் கிடைக்காது.

கிடைத்ததும் அங்கேயே குடலை எடுத்துவிட வேண்டும். தோலையும் தசையையும் மட்டும் கீறுங்கள். கத்தியின் வெட்டும் பக்கம் மேலே பார்க்க, இரண்டு விரலை அடியில் கொடுத்து நகர்த்தினால் இரைப்பை கிழியாது. இந்த வேலையைக் காணொளியில் பார்ப்பது வேறு, முழங்கை வரை கைவிட்டு உதரவிதானத்தை அறுப்பது வேறு. முடிந்தால் முதல்முறை யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி நோய் 2002 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது, தெற்கு மாவட்டங்களில் அதிகம். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது, தலையைக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இருந்தால் சாப்பிடாதீர்கள்.

மான் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், முழுக்க நீக்கிவிடுங்கள். முதுகுக்கறியை மிளகு போட்டு வறுக்கலாம், அதிகம் வேகவிட்டால் ரப்பர். கால்கறிக்குக் குக்கர்தான் சரி.

ஒன்பது நாள் துப்பாக்கி சீசன் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். பயிற்சி வகுப்புகளில் அதற்கு முன் இடம் நிரம்பிவிடும். கோடையிலேயே பதிவு செய்யுங்கள்.