புதிய அதிபர் முதல் தவணையில் எதைத் தொடுவது?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை அண்டிய 1சி பாடசாலை (உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் உள்ளது) ஒன்றில் இவ்வருடம் அதிபராகப் பொறுப்பேற்றேன். ஆசிரியர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பத்துப் பெற்றோர்கூட வருவதில்லை. தரம் 10, 11 பிள்ளைகளின் வரவும் குறைகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நுழைவாயிலில் தூரநோக்கும் பணிக்கூற்றும் ஏற்கெனவே எழுதித் தொங்கும். அவற்றைத் திருத்தி எழுதுவதில் முதல் மாதத்தைச் செலவிடாதீர்கள். நீங்கள் எடுக்கும் முடிவு எல்லோருக்கும் தெரிகிறதா, எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா என்பதையே ஊர் முதலில் பார்க்கும்.

ஆசிரியர் பிளவிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் கொள்கை வேறுபாடு காரணமாக இருப்பது அபூர்வம். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போகும் பாடவேளை யார் தலையில் விழுகிறது, யாருக்கு எப்போதும் கடைசிப் பாடவேளை, யாருடைய லீவு கேள்வியின்றிக் கையெழுத்தாகிறது என்பவைதான் பெரும்பாலும் அடிநெருப்பு. ஓய்வறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். திகதி, வகுப்பு, பாடவேளை, போனவர் பெயர், இவ்வளவு போதும். மாத இறுதியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று ஆசிரியர்களே எண்ணிக்கொள்வார்கள்.

அடுத்தது ஆசிரியர் வரவுப் புத்தகத்தில், தாமதமாக வருவோரைப் பிரித்துக் காட்டப் போடும் சிவப்புக் கோடு. 7.30க்குக் கோடு போட்டாயிற்று, ஆனால் வேண்டியவருக்காக அதற்கு மேலே ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஓய்வறையில் அதைக் கவனிக்காதவர் ஒருவருமில்லை. கோட்டை உங்கள் கையாலேயே, வரி விடாமல் போடுங்கள். ஹட்டனிலிருந்து வரும் பஸ் பனிமூட்டத்தில் தாமதிக்கிறது என்றால், அதற்கான ஏற்பாட்டை ஆசிரியர் கூட்டத்தில் பேசிக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். ஆளுக்கொரு சலுகையாகக் கொடுத்தால் மூன்றாவது அணியும் உருவாகிவிடும்.

பெற்றோர் வராததை அக்கறையின்மை என்று எழுதிவைப்பது நமது பாடசாலைகளின் பழைய பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிழமை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அன்றைய வேலைநாள் பதிவு, போய்விடும். அரைப்பேர் கிடைத்தாலும் பாதிச் சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலுள்ள கோவில் மண்டபத்திலோ, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலோ கூட்டத்தை வையுங்கள். களம் தோட்டத்துக்குரியது என்பதால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். சங்கத்தின் வரவு செலவை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டு, வாசித்துக் காட்டுங்கள். பிறகு தரம் வாரியாகச் சிறு வட்டங்களாக உட்கார வையுங்கள். பொதுக்கூட்டத்தில் தலைவர்மார் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காத தாய்மார், வட்டத்தில் உட்கார்ந்தால் பேசுவார்கள்.

பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் தொடங்கியபோதே, பெற்றோரும் பழைய மாணவரும் அமரும் அபிவிருத்திக் குழுவுக்கு இடம் வந்துவிட்டது. நாற்காலிகள் நிரம்பியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பெற்றோர் பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே தொழிற்சங்கத்தவரானால், மற்றச் சங்கத்தார் பாடசாலைப் பக்கமே வரமாட்டார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவராவது இருக்கட்டும்.

பிள்ளைகளின் நலன் என்றதும் ஆலோசனை அறையும் சுவரொட்டியும் நினைவுக்கு வரும். நான் முதலில் பார்ப்பது மலசலகூடச் சாவியை. பூட்டிய மாணவிகள் மலசலகூடத்தின் சாவி அலுவலகத்தில், ஆண் ஆசிரியரின் மேசை லாச்சியில் கிடந்த பாடசாலை ஒன்றை எனக்குத் தெரியும். மாதவிடாய் நாட்களில் அங்கே போய்ச் சாவி கேட்பதைவிட வீட்டில் நின்றுவிடுவதே அந்தப் பிள்ளைகளுக்கு இலகு. உட்புறத் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பை வாளி ஆகியவற்றுக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பிரம்பைப் பற்றிப் பேச அதிகமில்லை. உடல்தண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். வன்முறைக்கோ துன்புறுத்தலுக்கோ பிள்ளை ஆளானதாகத் தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அந்த இலக்கம் வகுப்பறைச் சுவர்களிலும் இருக்கட்டும்.

தரம் 10, 11 வரவுக்கு இடாப்பை நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். தீபாவளிக்கு வீடு வரும் அண்ணன் கொழும்புக்குத் திரும்பும்போது தம்பியையும் கடை வேலைக்குக் கூட்டிப்போவது மலையகத்தில் புதிதல்ல. ஆகவே தீபாவளிக்கு முந்திய வாரமே வகுப்பாசிரியர் வீட்டாரோடு பேச வேண்டும். கட்டாயக் கல்வி வயது 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டதையும் அப்போது சொல்லலாம், மிரட்டலாக அல்ல. அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், நான்காம் நாள் ஒருவர் லயத்துக்குப் போக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பகுதித் தலைவரிடம் கொடுத்து, பயணச் செலவையும் கொடுங்கள். செலவைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது வேலை ஏவுவதாகும்.

கணிதம், விஞ்ஞானம் ஆகிய பாடங்களுக்கு ஆளில்லை என்றால் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். பாடவேளைக் கணக்கோடு எழுத்தில் கேட்டு, பிரதியை வலயத்துக்கும் அனுப்புங்கள். பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியைப் போன்றவற்றின் ஆசிரிய மாணவர்கள் மூன்றாம் ஆண்டைப் பாடசாலைகளில் பயிற்சியாகக் கழிக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது தரும்படி அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.