வெண்டர் கிளஸ்டரில் சேருமுன் ரேட்டைப் பேசுங்கள்

கேள்வி: கோவையில் 6 சி.என்.சி. லேத் வைத்து, வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு ஜாப் செய்து தருகிறோம். அவர்கள் நடத்தும் வெண்டர் கிளஸ்டரில் (தங்களுக்குச் சப்ளை செய்பவர்களைச் சேர்த்துக் கற்றுத்தரும் குழுவில்) சேரச் சொல்கிறார்கள். இன்ஜினியர்கள் வந்து சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்) எடுத்து, குறைக்கவும் கற்றுத் தருவார்களாம். எங்கள் ஃபிக்ஸர் (மிஷினில் பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) நுணுக்கம் போட்டி வெண்டருக்குப் போய்விடுமா? ரேட்டில் கை வைப்பார்களா? 'குவாலிட்டி ஃபைல் எல்லாம் நானே போட்டுத் தருகிறேன்' என்று ஒரு கன்சல்டன்ட் வேறு வருகிறார்.

பதில்: சேருங்கள். ஆனால் முதல் விசிட்டுக்கு முன்பே ரேட் விஷயத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உங்கள் இரண்டு பயங்களில் ரேட் பயம் முழுக்க நியாயம். ஃபிக்ஸர் பயம் பாதிதான் நியாயம்.

140 விநாடி ஓடும் பீஸ் 118-க்கு வருகிறது என்று வையுங்கள். மிஷின் ஹவர் ரேட் 450 ரூபாய் என்றால் விநாடிக்கு 12.5 காசு, 22 விநாடிக்கு 2 ரூபாய் 75 காசு. பர்ச்சேஸ் ஆள் இதை அப்படியே கேட்பார். ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) கூட்டியதால் இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் துண்டு) முனை 200 பீஸ் வந்த இடத்தில் 140-தான் வருகிறது என்பது அவர் ஷீட்டில் இருக்காது. நான்கு முனை உள்ள 350 ரூபாய் இன்செர்ட்டுக்கு இது பீஸுக்கு 19 காசு கூடுதல். அதைவிடப் பெரிது: மிச்சமான நேரத்தில் ஓட்ட வேறு ஜாப் இல்லையென்றால் உங்கள் கையில் எதுவும் நிற்காது. மிஷின் சும்மா நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது.

ஆகவே, கிளஸ்டரால் வந்த மிச்சத்தைக் காட்டி 12 மாதத்துக்கு ரேட் குறைப்பு இல்லை, அதன்பின் டூல் செலவு கழித்துப் பாதிப் பாதி என்று கேளுங்கள். இது பேராசை இல்லை. டொயோட்டா தன் ஆட்களை சப்ளையரிடம் அனுப்பிக் கற்றுத்தரும்போது, அந்த மிச்சத்துக்காக உடனே விலை குறைக்கச் சொல்வதில்லை. வழக்கமான விலைக் குறைப்பு இலக்கு தனியாக வரும். அதனால்தான் அங்கே சப்ளையர் கதவைத் திறக்கிறார். இங்கே டொயோட்டாவின் சார்ட்டையும் போர்டையும் இறக்குமதி செய்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஃபிக்ஸருக்கு வருவோம். கிளஸ்டரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். அதே பாகத்தைச் செய்பவர் இருந்தால் வேறு குழு கேளுங்கள். டொயோட்டாவும் நேரடிப் போட்டியாளர்களை ஒரே குழுவில் போடுவதில்லை. செட்டிங் நேரம், கேஜ் வைக்கும் முறை, ஸ்க்ராப் பிரிப்பது எல்லாம் தாராளமாகக் காட்டலாம். கிளாம்பிங்கை (ஃபிக்ஸர் பீஸை இறுக்கும் விதத்தை) படம் எடுக்க மட்டும் எழுத்து அனுமதி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வணிக ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. கையில் ஒப்பந்தம் இருந்தால்தான் பேச முடியும்.

ஒரு விலக்கு. அந்த ஃபிக்ஸருக்கு அவர்கள் பணம் கொடுத்திருந்தால் கதை வேறு. ஒரே பில்லில் கொடுத்தாலும் சரி, பீஸ் ரேட்டில் சேர்த்து 20,000 பீஸுக்குள் கழித்தாலும் சரி, பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) 'டூலிங்' என்று ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் அது அவர்கள் சொத்து என்றே எழுதியிருப்பார்கள். பின்னால் அதில் நீங்கள் உங்கள் காசில் ஹைட்ராலிக் கிளாம்ப் போட்டிருந்தால்? அடித்தட்டு அவர்களுடையது, கிளாம்ப் உங்களுடையது. ஜாபை வேறு வெண்டருக்கு மாற்றும் நாளில் லாரியில் ஏறுவது இரண்டும் சேர்ந்துதான். ஆகவே சேர்த்த உதிரிகளை ஒவ்வொன்றாக, பில் எண்ணோடு, இன்றே மெயிலில் தெரிவியுங்கள். பி.ஓ.வில் அப்படி வரியே இல்லையென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

கன்சல்டன்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் விற்பது வேறு யாரோ பாகத்துக்குப் போட்ட ஃபைலைப் பெயர் மாற்றியது. எயிட்-டி ரிப்போர்ட்டில் (குறை வந்தால் காரணமும் தீர்வும் எழுதித் தரும் படிவத்தில்) மூல காரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி அளிக்கப்பட்டது' என்று இருந்தால் அது அவர் சரக்குதான். 32 மில்லிமீட்டர் எச்7 போரில் (துல்லிய அளவுத் துளையில்) அளவு மாற மொத்தமே 25 மைக்ரான் இடம். திங்கள் காலை முதல் பீஸ்களில் மட்டும் அளவு விலகினால், மிஷின் சூடாகாததையும், பால் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் திருகுத் தண்டு) சூட்டில் நீள்வதையும் பார்க்க வேண்டும், ஆபரேட்டரை அல்ல. 15 நிமிடம் வெறுமனே ஓட்டி, முதல் 5 பீஸை ஏர் கேஜில் (காற்றால் துளையை அளக்கும் கருவியில்) பார்த்து, அளவுகளை உங்கள் செட்டர் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கிளஸ்டர் கூட்டத்தில் கொடுக்க வேண்டியதும் இந்தத் தாளைத்தான். அதே கோளாறு இன்னொரு வெண்டரிடமும் இருக்கும்; அவர் பதிலுக்குச் சொல்வதுதான் உங்களுக்கு லாபம்.

கடைசியாக, பேமென்ட். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் தவணை வைக்கக்கூடாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 90 நாள் பில்லை இழுத்துக்கொண்டு 'ஸ்டாக்கைக் குறை' என்று பாடம் எடுக்கிறார்கள். இந்த 45 நாள் கெடுவையும் ரேட் விஷயத்தை எழுதிய தாளில் சேர்த்து, பர்ச்சேஸ் தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். குவாலிட்டி ஆள் போட்ட கையெழுத்து பர்ச்சேஸில் செல்லாது.