எட்டுப் பற்களும் ஒரு கடைவாய்ப் பல்லும்

கேள்வி: எனக்கு வயது 27. வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஆவணியில் கல்யாணம். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது, பற்கள் சற்று மஞ்சளாகவும் இருக்கின்றன. சின்ன வயதிலிருந்தே கையால் மறைத்துத்தான் சிரிக்கிறேன். ஒரு பல் வைத்தியர் எட்டுப் பற்களுக்கு வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு, போடச் சொல்கிறார். இன்னொருவர் பல்லைச் சீவாமலே கொம்போசிட் என்ற பல் நிற அடைப்புப் பொருளை வைத்து இடைவெளியை மூடலாம் என்கிறார். அம்மா தன் சீட்டுக் காசை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அவருக்கும் ஒரு கடைவாய்ப் பல் வலிதான், ஒரு வருடமாக ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறார், அதைக் கல்யாணம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார். அழகுக்காக இவ்வளவு செலவழிப்பது தவறா? எந்த வைத்தியர் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிள்ளை, அழகுக்குச் செலவழிப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர். நீர் உழைக்கிறீர், உமக்கு ஆசை இருக்கிறது, செய்யலாம். அதற்கு என் சம்மதம் தேவையில்லை. அதை அத்தோடு விடுவோம்.

“ஒரு வருடமாக ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறார்.” இதை எழுதிவிட்டு எப்படி உம்மால் திரும்பவும் உம்முடைய முன்பல்லுக்கே போக முடிந்தது?

ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறீர்கள். இன்று இரவு கைத்தொலைபேசியை வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பாரும். புட்டை ஏன் அவ்வளவு நேரம் சொதியில் ஊறவிடுகிறார், பொரித்த மீனை ஏன் உம்முடைய பக்கம் தள்ளிவிடுகிறார், குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்போது ஏன் தலையை ஒரு பக்கம் சரிக்கிறார் என்று பாரும். அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் கராம்புத் தைலப் போத்தல் இருக்கிறதா என்றும் பாரும்.

சூத்தை நரம்பை எட்டிவிட்டால் தானாக ஆறாது. இடையில் வலி நின்றாலும் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நரம்பு செத்திருக்கலாம், வேரடியில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் ஒரு சாதாரண அடைப்போடு முடிந்திருக்கக்கூடிய காரியம், இப்போது வேர் சிகிச்சைக்கோ பல்லைப் பிடுங்குவதற்கோ வந்து நிற்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? இருந்தால் இன்னும் தாமதிக்கக் கூடாது. வாயில் கிருமித் தொற்று இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும், சீனி கூடினால் தொற்றும் கூடும்.

“கல்யாணம் முடியட்டும்.” கொட்டாஞ்சேனையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் எனக்கு வரும் கடிதங்களில் அம்மாமார் சொல்லும் வசனம் இது. கல்யாணம் முடிந்தால் பிள்ளைப்பேறு, அது முடிந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய முறை வருவதே இல்லை. இதைத் தியாகம் என்று நாம் புகழ்ந்து பேசுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. வீட்டில் யாருக்கு வலிக்கிறதோ அவருக்குத்தான் முதல் காசு போக வேண்டும். உழைக்கிற பிள்ளை இதற்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அம்மா வேண்டாம் என்று சொன்னது உமக்கு வசதியாகப் போய்விட்டது. இதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

இனி உம்முடைய பற்கள். இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்காக எட்டுப் பற்களில் கைவைக்க வேண்டாம். வெனீருக்கு வழக்கமாகப் பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீற்றர் அளவுக்கு எனாமலை, அதாவது பல்லின் கடினமான மேற்படையை, சீவுவார்கள். எனாமல் மீண்டும் வளராது. செரமிக் வெனீர் நன்றாகப் பார்த்தால் 10 முதல் 15 வருடம் நிற்கும், பிறகு மாற்ற வேண்டும். 27 வயதில் தொடங்கினால் உம்முடைய ஆயுளில் எத்தனை முறை, எட்டுப் பற்களுக்கும் எவ்வளவு காசு என்று கணக்குப் பிரிவில் இருக்கிற நீரே போட்டுப் பாரும். உடைந்த, உருமாறிய பற்களுக்கு வெனீர் நல்ல வைத்தியம்தான். நீர் எழுதியிருக்கிற பற்கள் நல்ல பற்கள்.

இரண்டாவது வைத்தியர் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. பல்லின் மேற்பரப்பை ஓர் அமில ஜெல்லால் இலேசாகச் சொரசொரப்பாக்கி, பிசின் தடவி, பல்லின் நிறத்துக்குப் பொருந்தும் கொம்போசிட்டைச் சிறிது சிறிதாக வைத்து, நீல ஒளியால் இறுக்கி மினுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது, ஒரே தடவையில் முடிந்துவிடும். குறையும் இருக்கிறது. தேநீர்க் கறை பிடிக்கும், நகம் கடித்தால் விளிம்பு உடையும், ஐந்தாறு வருடத்தில் புதுப்பிக்க வேண்டி வரலாம். ஆனால் உடைந்த இடத்தை மட்டும் திருத்தலாம், கீழே உம்முடைய சொந்தப் பல் முழுதாக இருக்கும்.

ஒழுங்கு முக்கியம். முதலில் பற்களைச் சுத்தம் செய்வித்துக்கொள்ளும், மஞ்சளில் பாதி அதோடு போனாலும் போகும். முரசில் இரத்தம் கசிந்தால் அதைச் சுகப்படுத்திய பிறகே மற்றது. வெண்மையாக்குவதென்றால் கொம்போசிட்டுக்கு முன் செய்ய வேண்டும், ஏனெனில் கொம்போசிட் பிறகு வெளுக்காது. உமது பல்லுக்கு அளவெடுத்துச் செய்த, பல்லில் மாட்டும் தட்டில், பல்லை வெளுக்கும் 10 வீத கார்பமைட் பெரொக்சைட் ஜெல்லை இட்டு, இரவில் இரண்டு வாரமளவில் அணியச் சொல்வார்கள். கொஞ்சம் பல் கூச்சம் இருக்கும், பிறகு போய்விடும். வெண்மையாக்கி முடித்து இரண்டு வாரம் விட்டுத்தான் கொம்போசிட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஒட்டாது. அழகு நிலையங்களில் பல் வெளுக்கப் போகாதேயும். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரிடம் மட்டும் வாயைத் திறவும்.

இரண்டு பற்களுக்கான கொம்போசிட் எட்டு வெனீரை விட மிகவும் மலிவு. அதை உம்முடைய சம்பளத்தில் செய்யும். சீட்டுக் காசு அம்மா பிடித்த சீட்டுக்கு வந்த காசு, அது அம்மாவின் பல்லுக்கு. தனியாரிடம் காட்ட வசதி போதாவிட்டால் கொழும்பு வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலை, இலவசம். காலையில் நேரத்தோடு கூட்டிக்கொண்டு போம். அரைநாள் லீவு போட்டு நீரே போம், அவரைத் தனியே அனுப்பாதேயும். தனியே அனுப்பினால் பாதி வழியில் கறிக்கு மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்.

அம்மா மறுப்பார். இப்போது வலி இல்லை என்பார், உன்னுடையதை முதலில் முடி என்பார். நீங்கள் பல் வைத்தியரின் நாற்காலியில் ஏறி வாயைத் திறக்கும்வரை எனக்குத் தவணை எடுக்க மாட்டேன் என்று சொல்லும். சொன்னால் சொன்னபடி நில்லும், ஆவணி வந்தாலும்.