கை மறக்கவில்லை, கால் மறந்திருக்கும்

கேள்வி: எனக்கு வயது 47. கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். பள்ளியில் படித்தபோது பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடுவேன், மாவட்ட அளவு வரை போயிருக்கிறேன். 21 வயதில் கல்யாணம், அதோடு நின்றுபோனது. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். படி இறங்கினால் முட்டி வலிக்கிறது. பக்கத்து மைதானத்தில் காலையில் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களும் சில பெண்களும் பூப்பந்து ஆடுகிறார்கள். இரண்டு வாரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு நாள் ஒரு பெரியவர், "ஆடத் தெரியுமாம்மா, வாங்க" என்றார். வீட்டில் சொன்னேன். கணவர், "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன், "யாராவது பார்த்தா சிரிப்பாங்கம்மா" என்கிறான். என் பழைய பேட் இன்னும் பரணில் இருக்கிறது. நான் ஆடலாமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: ஆடலாம் தோழி. கட்டாயம் ஆடுங்கள். ஆனால் நாளைக் காலையிலேயே இறங்கிவிடாதீர்கள். அதற்குக் காரணம் உங்கள் சர்க்கரையோ வயதோ இல்லை, உங்கள் திறமைதான்.

பத்து வருடம் ஆடிய கை எதையும் மறப்பதில்லை. பேட்டைப் பிடித்த பத்தாவது நிமிடம் அந்த மஞ்சள் கம்பளிப் பந்து எங்கே வந்து விழும் என்று கண் சொல்லிவிடும், உடம்பு உடனே பாயும். இருபத்தாறு வருடமாகப் பாயாத கால் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. புதிதாக ஆட வருகிறவருக்கு அந்தப் பந்தை எடுக்க முடியும் என்றே தோன்றாது, அதனால் அவருக்கு அடிபடுவதும் குறைவு. எனக்கு இது நடந்தது. 45 வயதில் மறுபடி த்ரோபால் ஆடப் போனேன். முதல் நாளே ஒரு பந்துக்குப் பாய்ந்தபோது, பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. சதை கிழிந்திருந்தது. ஆறு வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். அந்த ஆறு வாரம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பயிற்சி தொடங்கினால் சதை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். சதையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படுகிறதே, அது அப்படிப்பட்ட ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்கள் திடீரென்று ஓடும்போது அறுந்துபோவது பெரும்பாலும் அதுதான். அதனால் முதல் மாதம் மைதானத்துக்குப் போங்கள், பழகுங்கள், ஓரத்தில் நின்று ஒருவர் போடப் போட நின்ற இடத்திலேயே தட்டிக் கொடுங்கள், போதும். ஆட்டத்துக்குள் இறங்குவது இரண்டாவது மாதம். ஸ்மாஷ் மூன்றாவது மாதத்துக்குப் பிறகு.

முதல் மாதத்தின் முக்கியமான வேலை வீட்டில் இருக்கிறது. படி ஏறும்போது இல்லாமல் இறங்கும்போது வலிக்கிறது என்றால், பெரும்பாலும் தொடையின் முன்பக்கச் சதை வலுவிழந்திருக்கும். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். உட்காரும்போது மெதுவாக, மனதுக்குள் நாலு எண்ணிக்கொண்டே உட்காருங்கள். பத்துத் தடவை, காலையும் மாலையும். அப்புறம் வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்குங்கள். குதிகால் தசைநாணுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இதையும் கேளுங்கள்: உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. முட்டி வீங்கியிருந்தாலோ, நடக்கும்போது மடங்கி வாரிவிட்டாலோ பயிற்சியை விட்டுவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை விஷயத்தில் உங்கள் மாத்திரைச் சீட்டை ஒரு தடவை பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆடும்போது சர்க்கரை திடீரென்று தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு சேர்ந்திருந்தால் தாழலாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். ஆட ஆட அளவு குறையும், சந்தோஷமாக இருக்கும், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தினமும் இரவு உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்காலோடோ ரப்பர் செருப்போடோ ஆட வேண்டவே வேண்டாம்.

இறங்குவதற்கு முன் ஓர் இசிஜி, ரத்த அழுத்தம், மூன்று மாத சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்தில்தான். "ஆடப்போகிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதுதான் தேவைப்பட்டால் ட்ரெட்மில் பரிசோதனையும் எழுதுவார். பெண்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலியாகத்தான் வரும் என்பதில்லை. மூச்சு வாங்கலாம், தாடை இழுக்கலாம், மேல்வயிறு எரியலாம். நம் வீடுகளில் அதை "கேஸ்" என்று சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். ஆடும்போது அப்படி வந்தால் சோடா வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

தோளையும் கவனியுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும் பெண்களுக்கு, தோள் இறுகிப்போவது அதிகம். ஜாக்கெட் கொக்கி போட, தலை பின்ன இப்போதே சிரமமாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இருமினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற பெண்கள் பலர் ஆடாமல் ஒதுங்குவது இதனால்தான், வெளியே முட்டிவலி என்று சொல்லிவிடுவார்கள். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. ஏறக்குறைய மூன்று மாதத்தில் நிறையப் பேருக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒருவகையில் உங்களுக்கு நல்ல ஆட்டம் அமைந்திருக்கிறது. தஞ்சாவூர் அரச குடும்பம் விரும்பி ஆடிய ஆட்டம் என்பார்கள் பூப்பந்தை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள மைதானத்தில் பாதியை ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உங்களுக்கு எட்டாத பந்துக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். "உங்களுக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு நின்றுவிடலாம். ஷட்டில் ஒற்றையர் ஆட்டமாக இருந்தால் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்திருக்க மாட்டேன்.

உங்கள் கணவர் "எதுக்கு" என்று கேட்டதை நான் தடை என்று எடுத்துக்கொள்ளவில்லை, பயம் என்று எடுத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். வந்ததும், திங்கள், புதன், வெள்ளி காலை ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். போகட்டுமா என்று கேட்காதீர்கள், நேரத்தை மட்டும் சொல்லுங்கள். அந்த மூன்று நாளும் குக்கர் வைக்க வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள்.

மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவன் இருப்பது தெருவுக்குத் தெரு கேரம் போர்டும் பாக்ஸிங்கும் கால்பந்தும் இருக்கிற வடசென்னையில். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா, பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆட்டம் தெரியும். மைதானத்து ஓரத்தில் சைக்கிளை நிறுத்துகிறவர் உங்கள் வயதையும் துப்பட்டாவையும் ஒரு நிமிடம் பார்ப்பார், அப்புறம் பந்தைத்தான் பார்ப்பார்.

சரி, இந்த வாரம் பரணிலிருந்து பேட்டை இறக்குங்கள். இத்தனை வருடத்தில் நரம்பு தொய்ந்திருக்கும். சட்டத்தில் விரிசல் இல்லையென்றால் பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடையில் காட்டிப் புது நரம்பு போடச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு நல்ல ஷூவும் ஸ்போர்ட்ஸ் பிராவும் வாங்கிவிடுங்கள். பேட் தயாராகி வருகிறவரை நாற்காலிப் பயிற்சி நடக்கட்டும். அந்தப் பெரியவரிடம், பேட் தயாரானதும் வருகிறேன், ஓரமாக நின்று தட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.